அப்பாவின் மணிக்கட்டில் நீ இருக்கிறாய்

என் செல்ல மகனுக்கு அம்மா அன்போடு எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் சுகம், அங்கே நீயும் சுகமாக இருக்க வேண்டும் என்று எழுதி ஆரம்பிக்கத்தான் எனக்கும் ஆசை. ஆனால் நீ அனுப்பிய ஸ்மார்ட் வாட்ச் வீட்டுக்குள் நுழைந்த நாளிலிருந்து நாங்கள் சுகமா இல்லையா என்பதை நாங்களே சொல்லிக்கொள்ள முடிவதில்லை. காலையில் அப்பாவிடம் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டேன், மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு, இன்னும் வரல, கொஞ்சம் பொறு என்றார். அது வரட்டும் என்று காத்திருந்தால் தபால் போய்விடும், அதனால் என் சொந்தப் பொறுப்பில் எழுதுகிறேன், சுகம்தான். நீ வேளைக்குச் சாப்பிடு, குளிரில் காதை மூடிக்கொண்டு வெளியே போ, கம்ப்யூட்டர் முன்னால் கூனிக்கொண்டு உட்காராதே, உன் முதுகு அப்படியே உன் அப்பாவின் முதுகு, சொன்ன பேச்சைக் கேட்காது.

போன் இருக்கும்போது இவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று பயந்துவிடாதே. என் போன் தண்ணீர் வாளியில் விழுந்து உயிரை விட்ட பிறகு வீட்டில் அப்பாவின் போன் ஒன்றுதான் இருக்கிறது, அதைக் கீழ்வீட்டு அழகு நிலையக்காரி வாட்சோடு இணைத்துக் கொடுத்துவிட்டாள். அன்றிலிருந்து நீ கூப்பிட்டால் அவர் கையில்தான் உன் குரல் வருகிறது. போனை எடுத்துக் கொடுங்கள் என்றால், எதுக்கு, அதான் இங்கயே கேக்குதே என்கிறார். நீ அவரோடு பேசுவதில்லை, அவரும் உன்னோடு பேசுவதில்லை, அதனால் கையை மட்டும் என் வாய்க்கு நேராக நீட்டிவிட்டு முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொள்கிறார், கை என்னுடையது, காது என்னுடையதில்லை என்பது போல. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போல இருக்கிறது என்று நீ சொன்னாயே, அது அவருடைய முழுக்கைச் சட்டைக்குள்ளிருந்து பேசுவது. எங்கள் கல்யாணப் போட்டோவில் பிடித்த கையை அதற்குப் பிறகு இவ்வளவு நேரம் நான் பிடித்துக்கொண்டு நின்றது இப்போதுதான். அவரைப் பற்றி உன்னிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்றாலும் அவர் கையிடமே சொல்ல வேண்டியிருக்கிறது. கடிதம் ஒன்றுதான் அந்த வாட்சுக்குத் தெரியாமல் வீட்டை விட்டு வெளியே போகும், அதனால்தான் அவர் தாத்தாவாகும் வயதில் நடைப் பயிற்சிக்குப் போயிருக்கும் இந்த நேரத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

வாட்ச் எப்படி இருக்கிறது, பிரயோஜனமா தொந்தரவா என்று போன வாரம் கேட்டாய். அவர் கை எதிரில் இருக்கும்போது நான் என்ன சொல்வது, ரொம்ப நல்லது என்றேன். இப்போது உள்ளதைச் சொல்கிறேன், நல்லதையும் மறைக்கவில்லை. தண்ணீர் குடிக்கிறார், அது நல்லது. தண்ணீர் பட்டாலும் வாட்ச் கெடுவதில்லை, உன்னோடு பேசும்போது அதன் மேலேயே அழுது பார்த்துவிட்டேன், ஒன்றும் ஆகவில்லை. மாடிப்படி ஏறினால் இறங்கினால் அது பாராட்டுகிறதாம், அதனால் துணி காயப்போட மொட்டை மாடிக்குப் போகும் வேலை இப்போது அவருடையது, ஒரு நேரத்துக்கு ஒரு துணி என்று எடுத்துக்கொண்டு போகிறார், கடைசித் துணி காயும்போது முதல் துணி அழுக்காகியிருக்கிறது. ஆனால் வாட்சை சார்ஜில் போட்டிருக்கும்போது பால் வாங்கி வாருங்கள் என்றால் நகர மாட்டார். இப்ப நடந்தா கணக்குல வராது, வீண் நடை என்கிறார். கால் அவருடையது, நடை மட்டும் வாட்சுடையது.

தூக்கம் இன்னும் வேடிக்கை. முன்பெல்லாம் எழுந்து சோம்பல் முறித்து, அருமையான தூக்கம் என்பார். இப்போது எழுந்ததும் கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு வாட்சைப் பார்க்கிறார், பார்த்ததும் முகம் தொங்கிவிடுகிறது, நான் சரியா தூங்கலையாம் என்கிறார், அதிலிருந்து சாயங்காலம் வரை அசதி. நீங்கள் விட்ட குறட்டைக்கு நான்தான் தூங்கவில்லை, நான் சாட்சி என்றால், சாட்சி நம்பகமானதாக இல்லை என்று கோர்ட் பாஷையில் என்னைத் தள்ளுபடி செய்கிறார். சற்று மூச்சு விடுங்கள் என்று வேறு அது சொல்கிறது, உடனே கண்ணை மூடி மூச்சு விடுகிறார். அதுவரைக்கும் விட்டது என்ன என்று கேட்டேன். அது சும்மா விட்டது, இது சொல்லி விடுறது என்றார். ஒருநாள் அவர் குளிக்கப் போகும்போது கழற்றி வைத்ததை, அது என்னதான் செய்கிறது பார்ப்போம் என்று நான் கட்டிக்கொண்டு படுக்கை விரிப்பை வாளியில் அலசினேன். நீச்சல் பயிற்சி தொடங்கிவிட்டது போலிருக்கிறதே என்று அது கேட்டது, வாய் பேசாத பொருளிடம் ஏன் வம்பு என்று ஆமாம் என்பதை அழுத்திவிட்டேன். உன் போனில் அப்பா நீந்தியதாக வந்திருந்தால் அது அந்த விரிப்பு, அவர் இல்லை. உன் அத்தை வந்திருந்தாள், உள்ளே நுழைந்து பேச ஆரம்பித்ததும் இதயத் துடிப்பு அதிகமாக உள்ளது, ஓய்வெடுங்கள் என்று வந்துவிட்டது. நான் அதை மறைக்கப் பார்த்தேன், அதற்குள் அவளே எட்டிப் படித்துவிட்டாள். நல்லவேளை, தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை, பாரு, என்னைப் பார்த்ததும் தம்பிக்குப் பாசத்துல எப்படித் துடிக்குது என்று சொல்லி அவள் இன்னும் நாலு நாள் தங்கிவிட்டாள். இதை நல்லதில் சேர்ப்பதா கெட்டதில் சேர்ப்பதா, நீயே முடிவு செய்துகொள்.

இதெல்லாம் வீட்டு வேடிக்கை, இதற்காக நான் பேனாவை எடுக்கவில்லை. விஷயம் கோர்ட்டில் நடந்தது. அப்பா எங்கே உட்காருவார் என்று உனக்குத் தெரியும், ஜட்ஜ் வரும் பக்கக் கதவை ஒட்டி, ஆள் கூப்பிடும் டவாலிக்கென்று போட்ட ஒற்றை நாற்காலி. உள்ளே காலடிச் சத்தம் கேட்டதும் அவர் எழுந்து குரல் கொடுப்பார், கோர்ட்டே எழுந்து நிற்கும். இத்தனை வருஷத்தில் வக்கீல்கள் யாரும் அந்தக் கதவைப் பார்ப்பதில்லை, அவரைத்தான் பார்க்கிறார்கள், அவர் எழுந்தால் எழுவது அவர்களுக்குக் கொட்டாவி போல ஒட்டிக்கொண்டுவிட்டது. அன்றைக்கு ஒரு சுவர் வழக்கு, கமா வக்கீல் பேசிக்கொண்டிருக்கிறார். முற்றுப்புள்ளியே வைக்காமல் பேசுவார் என்பதால் அப்பா அவருக்கு வைத்த பெயர் அது. நடுவில் வாட்ச் நடுங்கி, எழுந்து நிற்க வேண்டிய நேரம் என்று சொல்லியிருக்கிறது. இவர் எழுந்துவிட்டார். அவ்வளவுதான், கோர்ட் முழுக்க எழுந்துவிட்டது. ஜட்ஜ் அம்மா இடத்துக்குப் புதிது, மேலிடத்திலிருந்து யாரோ சொல்லாமல் கொள்ளாமல் பார்வையிட வரப்போகிறார்கள் என்று அந்த வாரம் முழுக்கப் பேச்சு, அந்த அம்மாளும் சடாரென்று எழுந்துவிட்டார். ஜட்ஜ் நிற்பதால் யாரும் உட்கார முடியவில்லை, எல்லாரும் நிற்பதால் ஜட்ஜும் உட்கார முடியவில்லை. கூண்டில் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்த சாட்சி மட்டும், ஐயா, நான் நின்னுட்டுத்தான் இருக்கேன், நான் உட்காரணுமா என்று கேட்டிருக்கிறான். வாசல் காவலர் எதற்கும் இருக்கட்டும் என்று விறைப்பாக ஒரு சல்யூட் அடித்திருக்கிறார், அந்த நேரம் பார்த்து உள்ளே வந்தது குடிதண்ணீர் கேன் போடுகிறவர். முழுக் கோர்ட்டும் தனக்காக எழுந்து நிற்பதைப் பார்த்து மனுஷன் கேனை அங்கேயே வைத்துவிட்டு ஓடியவர், இன்றுவரை காலி கேனைக் கேட்டுக்கூட வரவில்லையாம். பிறகு அருமை என்று வாட்ச் மறுபடி நடுங்கியதும் அப்பா உட்கார்ந்தார், எல்லாரும் உட்கார்ந்தார்கள். கமா வக்கீல் தன் வாழ்நாளில் முதன்முதலாக விட்ட இடம் எது என்று தெரியாமல் வாதத்தை முடித்துக்கொண்டார்.

இது ஒருநாள் கூத்தோடு போயிருந்தால் பரவாயில்லை. மணிக்கு ஒருதரம் நடக்க ஆரம்பித்து, கோர்ட்டுக்கே அது பழகிவிட்டது. வாதத்தில் தோற்கப் போகிறவர்கள் அப்பா கையையே பார்த்துக்கொண்டு இழுத்தடித்திருக்கிறார்கள், எழுந்து உட்கார்ந்தால் எதிராளி கேட்ட கேள்வி எல்லாருக்கும் மறந்துவிடுகிறதாம். கமா வக்கீலுக்குப் பல வருஷத்து முதுகுவலி போய்விட்டது. கடைசியில் ஜட்ஜ் அம்மாதான் கண்டுபிடித்து, ஏங்க, நான் இங்கயே உட்கார்ந்திருக்கேன், நீங்க யாருக்கு எந்திரிக்கிறீங்க என்று எல்லார் முன்னிலையிலும் கேட்டிருக்கிறார். எம் பையன் சொல்றான்ம்மா, எந்திரிக்கிறேன் என்று உன் அப்பா சொல்லியிருக்கிறார். ஜட்ஜ் அம்மா கடைசி பெஞ்சு வரை தேடிவிட்டு, பையன் எங்க என்று கேட்டாராம். வெளிநாட்டுலம்மா என்று மணிக்கட்டைத் தூக்கிக் காட்டினாராம். இதையெல்லாம் கமா வக்கீல் வீட்டுக்கு வந்து என்னிடம் சொன்னார், சொல்லி முடிக்கச் சாயங்காலம் ஆகிவிட்டது.

அவர் சொல்லச் சொல்லத்தான் எனக்கு ஒவ்வொன்றாகப் புரிந்தது. ஒருநாள் நான் சமையல் கட்டில் இருக்கும்போது, இப்பத்தானேப்பா குடிச்சேன், சரி சரி, குடிக்கிறேன் என்று கூடத்தில் அப்பா குரல் கேட்டது. நீதான் பேசுகிறாய், இரண்டு பேரும் பேச ஆரம்பித்துவிட்டீர்கள் என்று கரண்டியோடு ஓடினேன், எனக்கு வந்த சந்தோஷத்துக்கு அடுப்பில் இருந்தது அடி பிடித்ததுகூடத் தெரியவில்லை. போய்ப் பார்த்தால் யாரும் இல்லை, சொம்பும் கையுமாக அவர் மட்டும் நிற்கிறார். யாரு என்றேன். அவன்தான், தண்ணி குடிக்கச் சொல்றான் என்றார். நான் ஏதோ விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று விட்டுவிட்டேன். விளையாட்டில்லை கண்ணு. நீ தமிழில் எழுத்து வரும்படி வைத்து அனுப்பினாய் பார், அதுதான் வினை. அங்கே நீ உட்கார்ந்துகொண்டு இவரைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொன்றையும் உன் கையால் எழுதி அனுப்புகிறாய் என்று முழுசாக நம்பிக்கொண்டிருக்கிறார். அங்க இப்ப விடியக்காலையா இருக்கும், அதுக்குள்ள எந்திரிச்சு என்னை மூச்சு விடச் சொல்றான், பாவம், அவன் எப்பத்தான் தூங்குவான் என்று கவலைப்படுகிறார். உன்னைக் காக்க வைக்கக் கூடாது என்றுதான் சொன்னதும் படக்கென்று எழுகிறார், வாயில் சோறு இருந்தாலும் எழுகிறார். அருமை, இன்றைய இலக்கை எட்டிவிட்டீர்கள் என்று வரும் நாளில், பாராட்டியிருக்கான் என்று மெதுவாக எனக்குக் காட்டிவிட்டு, நான் சிரித்துவிடப் போகிறேனோ என்று உடனே சட்டைக் கையை இழுத்து மூடிக்கொள்கிறார். போன தடவ வாய்க்கு வந்தபடி பேசினான், இப்ப பாரு, ஒவ்வொரு வார்த்தையும் எவ்வளவு மரியாதை, வெளியூர் போனதும் பக்குவம் வந்திருக்கு என்று உனக்கு நற்சான்று வேறு.

அந்தப் போன தடவையைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இத்தனை நாள் இருந்தேன். நீ கிளம்பிய அன்றைக்குப் பெட்டியைக் கட்டிக்கொண்டே, ஆயுசு பூரா எவனோ வந்தா எந்திரிச்சு நிக்கிறதுதானே உங்க வேலை, உங்களுக்கு என்ன தெரியும் என்று அவரைப் பார்த்துச் சொன்னாய். கோபத்தில் சொன்னாய், எனக்குத் தெரியும். ஆனால் அவர் அன்றைக்குக் கோர்ட்டுக்குப் போய் முதல் தடவையாகக் குரல் எழும்பாமல் திரும்பி வந்தார், அது உனக்குத் தெரியாது. அதற்குப் பிறகு உன் பேச்சை எடுத்தாலே செய்தித்தாளை விரித்துக்கொள்வார். அதனால் இந்த வாட்ச் முதன்முதலாக எழுந்து நிற்கச் சொன்னபோது எனக்குத் திக்கென்றது, கழற்றி எறிந்துவிடப் போகிறார் என்று நினைத்தேன். எறியவில்லை. கமா வக்கீல் போன பிறகு நான் கேட்டேன், ஏங்க, அவன் சொன்ன அதே வார்த்தையாச்சே, உங்களுக்குக் கோபம் வரலையா என்று. உன் அப்பா என்ன சொன்னார் தெரியுமா, நிக்கிறத கேவலம்னு சொன்னவன், இப்ப அவனே நில்லுங்கன்னு சொல்றான், அது உடம்புக்கு நல்லதுங்கிறான், மன்னிப்பை வேற எப்படிடி கேப்பான், எம் பையனுக்கு நேரா கேக்க வராது, எனக்கும் வராது என்றார். அப்படியானால் நீ மணிக்கு ஒருதரம் மன்னிப்புக் கேட்கிறாய், அவர் மணிக்கு ஒருதரம் எழுந்து நின்று அதை ஏற்றுக்கொள்கிறார், இப்படி ஒரு சமாதானம் அந்தக் கோர்ட்டிலேயே நடந்ததில்லை, இதில் உனக்கு மட்டும் சம்மன் வரவில்லை. எனக்கு முதலில் சிரிப்பு வந்தது, அப்புறம் சமையல் கட்டுக்குப் போய் நன்றாக அழுதேன். அது இயந்திரம், உங்கள் பிள்ளை இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, நீயும் சொல்லாதே.

இப்போது உள்ள சிக்கல் இது. ஜட்ஜ் அம்மா நல்ல மாதிரிதான், அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டு, லீவு முடிஞ்சு கோர்ட் திறக்கிற அன்னைக்கு அதைக் கழட்டி வச்சிட்டு வாங்க, முடியலைன்னா பழைய வழக்குக் கட்டுகள் அறைக்கு மாறிக்கோங்க என்று சொல்லியிருக்கிறார். இவர் கொஞ்சமும் யோசிக்காமல் அறைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். நாள் பூரா கழட்டி வச்சா அவனுக்கு அங்க தெரிஞ்சிடும், அப்பா இன்னும் மனசுல வச்சிருக்காருன்னு நினைப்பான் என்கிறார். அந்த அறையில் என்ன இருக்கிறது, தூசியும் கரப்பான் பூச்சியும்தான், கூப்பிட ஒரு பெயர் இல்லை, வந்து நிற்க ஒரு ஆள் இல்லை. அவர் குரல் கொடுத்தால் மூன்று வராந்தா தாண்டிக் கேட்கும், அதுதான் அவருக்கு எல்லாம். இந்த லீவிலேயே அதை விட முடியாமல் காபி ஆறுகிறது என்று என்னை முழுப் பெயர் சொல்லி மூன்று தடவை கூப்பிடுகிறார், நான் வருவதற்குள் ஆஜராகவில்லை என்று அறிவித்துவிட்டு என் பங்கையும் குடித்துவிடுகிறார். இப்படிப்பட்ட மனுஷனை வாயைக் கட்டி அந்த அறைக்குள் போட்டால் அவர் எனக்குத் திரும்பிக் கிடைக்க மாட்டார். நானும் சொல்லிப் பார்த்தேன், அத்தையும் சொல்லிப் பார்த்தாள், அவள் சொன்னபோது ஓய்வெடுங்கள் என்று வந்ததுதான் மிச்சம். நீ சொன்னால் கேட்பார், நீ சொன்னால் மட்டும்தான் கேட்பார். இந்த வாட்ச் தன்னைத்தானே கழற்றச் சொல்லாது.

ஆகையால் கோர்ட் திறப்பதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை வழக்கமான நேரத்துக்குக் கூப்பிடு. நான் கீழ்வீட்டில் தலைக்குச் சாயம் போட உட்கார்ந்துவிடுவேன், பாதிச் சாயத்தோடு எழுந்து வர முடியாது, அதனால் அவர் கையை நீட்ட எதிரில் ஆள் இருக்காது. பேசாமல் இருப்பார், நீ விடாதே, அவர் மூச்சு விடுவது கேட்கும், அப்போது பேசு. கோர்ட்டுல இருக்கிற நேரம் மட்டும் கழட்டி வச்சிருங்கப்பா, எனக்கு ஒண்ணும் வருத்தமில்ல என்று சொல். நீதான் அதெல்லாம் அனுப்புகிறாயா என்று கேட்டால் ஆமாம் என்று சொல், பெற்றவள் சொல்லித் தருகிற பொய், பாவம் என் தலையில். மற்றபடி இருவருக்கும் உள்ளதை நீயே உன் வாயால் பேசிக்கொள், அதற்கும் நான் எழுதிக் கொடுக்க முடியாது.

என் ராஜா, உடம்பும் மனசும் நன்றாக இருந்து, நினைத்ததெல்லாம் நடந்து நீ நீடூழி வாழ வேண்டும். சட்டையில் பொத்தான் அறுந்தால் ஊசியை எடுத்துத் தைத்துப் போடு, பின் குத்திக்கொண்டு வேலைக்குப் போகாதே. ஒன்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள். உன் போன் வந்ததும் உன் அப்பா எழுந்துவிடுவார், முகத்தைத் திருப்பிக்கொள்வாரே தவிர நீ பேசி முடிக்கும் வரை ஒருநாளும் அவர் உட்கார்ந்ததில்லை, எத்தனையோ ஞாயிற்றுக்கிழமையாக நான் பார்க்கிறேன், உன்னிடம் சொன்னதில்லை. இந்த வாட்ச் நிற்கச் சொல்கிறது, நடக்கச் சொல்கிறது, மூச்சுகூட விடச் சொல்கிறது, இதுவரை ஒரு தடவைகூட அவரை உட்காரச் சொன்னதில்லை. ஞாயிற்றுக்கிழமை அவர் நின்றுகொண்டிருப்பார். முதலில் அவரை உட்காரச் சொல்.

உன் வரவை எப்போதும் எதிர்பார்த்திருக்கும்,
அம்மா